யமாத்தோகோரியாமா: தங்கமீன் ஊருக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

ஜப்பானின் நாரா நகரத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் மான்களையும் பெரிய புத்தரையும் பார்த்துவிட்டு, அன்று மாலையே ஒசாகாவுக்கோ கியோத்தோவுக்கோ திரும்பிவிடுகிறார்கள். ரயிலில் ஒரே ஒரு நிறுத்தம் தெற்கே போனால் யமாத்தோகோரியாமா. மக்கள்தொகை 1 லட்சத்துக்கும் கீழே உள்ள சின்ன ஊர். 300 ஆண்டுகளாக அங்கே தங்கமீன் வளர்க்கிறார்கள். ஊரைச் சுற்றி வயல்களுக்கு நடுவே பச்சைத் தண்ணீர் நிறைந்த குளங்கள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றில் நீந்துவது சாப்பாட்டு மீன் இல்லை, அழகுக்காக வளர்க்கும் மீன்.

இந்த ஊருக்குப் போய் ஏமாந்து திரும்புகிறவர்களும் உண்டு. ஸ்டேஷனில் இறங்கி, கடைத்தெருவில் நாலு மீன்தொட்டியைப் படமெடுத்து, ஒரு மணி நேரத்தில் கிளம்பினால் "இதற்கா வந்தோம்?" என்றுதான் தோன்றும். இது காட்சிக்காக அமைத்த ஊர் இல்லை. வேலை நடக்கிற விவசாய ஊர். குளக்கரைக்குப் போக வேண்டும், குனிந்து பார்க்க வேண்டும், கொஞ்சம் பொறுமையாக நிற்க வேண்டும். அதற்கு அரை நாளாவது ஒதுக்குங்கள்.

கிளம்பும் முன்

முதலில் ஊர்ப்பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வடக்கே ஃபுகுஷிமா மாகாணத்திலும் கோரியாமா என்றொரு ஊர் இருக்கிறது. அது இதைவிடப் பெரியது, அதிவேக ஷின்கான்சென் ரயில் நிற்கும் ஊர். கைபேசியில் வெறுமனே 'கோரியாமா' என்று தேடினால் பல நேரம் அதுதான் முதலில் வரும். நீங்கள் தேட வேண்டியது 'யமாத்தோகோரியாமா'. ஸ்டேஷன் பெயராகத் தேடுவதானால் 'கிந்தெத்சு கோரியாமா' (கிந்தெத்சு ஒரு தனியார் ரயில் நிறுவனம்).

அடுத்தது எப்போது போவது என்பது. குளிர்காலத்தில் மீன்கள் குளத்தின் அடியில் அசையாமல் கிடக்கும், தீனியும் எடுக்காது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளங்களில் பார்க்க அதிகம் இல்லை. மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் கோட்டையில் செர்ரி பூக்கும், திருவிழாவும் நடக்கும். கூட்டம் பூவுக்காக வருவது, மீனுக்காக இல்லை. முட்டையிடும் காலம் ஏப்ரலில் தொடங்கி ஜூன் வரை போகும். ஜூலை, ஆகஸ்டில் ஜப்பான் முழுக்கக் கோடைத் திருவிழாக்கள், அவற்றில் தங்கமீன் அள்ளும் விளையாட்டு உண்டு என்பதால் பண்ணைகளில் மீன் அனுப்பும் வேலை மும்முரமாக இருக்கும். ஆனால் நாராவின் வெயிலும் புழுக்கமும் அப்போது கடுமையாக இருக்கும். என்னைக் கேட்டால் மே மாத நடுவில் போங்கள், அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபருக்குள் போங்கள். மே மாதத்தில் குஞ்சுகளைப் பார்க்கலாம். இலையுதிர் காலத்தில் நிறம் முழுதாக ஏறிய மீன்களைப் பார்க்கலாம்.

கிழமையையும் கவனியுங்கள். ஜப்பானில் பல சிறிய காட்சியகங்களுக்குத் திங்கள்கிழமை விடுமுறை. ஆகவே திங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

போய்ச் சேர்வது

இரண்டு ஸ்டேஷன்கள் உண்டு. கிந்தெத்சு கோரியாமா ஊரின் மேற்கில், கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜேஆர் என்னும் ஜப்பான் ரயில்வேயின் கோரியாமா ஸ்டேஷன் கிழக்கில். இரண்டுக்கும் நடுவே கால் மணி நேர நடை, பழைய ஊர் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. நாராவிலிருந்து ஜேஆரில் வந்தால் ஒரே நிறுத்தம், 5 நிமிடம். ஒசாகாவின் தென்னோஜியிலிருந்து அதே யமாத்தோஜி பாதையில் சுமார் அரை மணி நேரம். ஜேஆர் பாஸ் வைத்திருந்தால் இந்தப் பாதைக்குத் தனியாக டிக்கெட் தேவையில்லை.

கியோத்தோவிலிருந்து வருவதானால் கிந்தெத்சுதான் வசதி. யமாத்தோ சைதைஜி வழியாகக் காஷிஹாரா பாதையில் வர வேண்டும். பாஸ் இல்லாதவர்கள் இக்கோகா மாதிரி முன்பணம் போட்ட ஒரு ரயில் கார்டை வாசலில் தட்டிவிட்டுப் போகலாம், இரண்டு நிறுவனங்களின் ரயிலிலும் செல்லும்.

கிந்தெத்சு ஸ்டேஷனில் இறங்கி, ஊரை நடந்து கடந்து, ஜேஆர் ஸ்டேஷனில் ஏறித் திரும்புவதுதான் நான் சொல்லும் வழி. வந்த வழியே திரும்ப நடக்க வேண்டியிருக்காது. காலையில் முதலில் குளங்களைப் பார்த்துவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு மீன்கள் கீழே இறங்கிவிடும்.

குளங்கள்

கிந்தெத்சு ஸ்டேஷனிலிருந்து தெற்கே பத்து நிமிடம் போல நடந்தால் நீகி என்ற பகுதி. வீடுகள் குறைந்து, சதுரம் சதுரமாக வரப்பு கட்டிய குளங்கள் தொடங்கும். ஆழம் இல்லாதவை. தண்ணீர் பச்சையாக இருக்கும். அதைப் பார்த்து அழுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பச்சை பாசியின் நிறம், அதுதான் இங்கே முதல் தீனி. குளத்தை வடித்துக் காயவிட்டு, உரம் போட்டுத் தண்ணீர் கட்டுவார்கள். பாசி பிடிக்கும். பாசியைத் தின்று டாஃப்னியா, மொய்னா என்று நம் மீன்கடைக்காரர்கள் சொல்லும் நீர்ப்பேன்கள் பெருகும். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுக்கு அதைவிட நல்ல சாப்பாடு இல்லை.

இந்த ஊருக்குத் தங்கமீன் வந்த கதைக்கும் இந்தத் தண்ணீருக்கும் தொடர்பு உண்டு. 1724-இல் யானாகிசாவா யோஷிசாத்தோ என்ற பிரபு, ஜப்பானிலேயே காய் என்ற வேறொரு பகுதியிலிருந்து கோரியாமாவுக்கு மாற்றப்பட்டார். அவரோடு வந்தவர்கள் தங்கமீனையும் கொண்டுவந்தார்கள் என்பது ஊர் வரலாறு. முதலில் அது பொழுதுபோக்கு, பிறகு சம்பளம் போதாத சாமுராய்களுக்குப் பக்க வருமானம். 1871-இல் பிரபுக்களின் ஆட்சிப் பகுதிகளே ஒழிக்கப்பட்டபோது சாமுராய்களுக்குப் பிழைப்பு போயிற்று. கடைசிப் பிரபுவான யானாகிசாவா யாசுனோபு, மீன் வளர்ப்பைத் தொழிலாக எடுத்துச் செய்யச் சொல்லி ஊக்குவித்தார். வாள் பிடித்த குடும்பங்களும் உழவர்களும் குளத்தில் இறங்கினார்கள்.

வேறு ஊர்ச் சாமுராய்களும் இதைச் செய்திருக்கலாமே என்று தோன்றும். ஆனால் நாரா சமவெளியில் மழை குறைவு. நெல்லுக்காகத் தலைமுறை தலைமுறையாக வெட்டிய பாசனக் குளங்கள் இங்கே ஏராளமாக இருந்தன. அவற்றில் நீர்ப்பேன் தானாகவே பெருகியது. தண்ணீருக்காகக் கஷ்டப்பட்ட ஊருக்கு அந்தக் கஷ்டத்துக்காக வெட்டிய குளங்களே சோறு போட்டன. கண்மாய்ப் பாசனம் தெரிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கரையில் நின்றால் என்ன தெரியும்? முதலில் ஒன்றும் தெரியாது. பச்சைத் தண்ணீரும், மேலே கட்டிய கயிறுகளும் வலையும்தான். கொக்கு, நாரை வராமல் இருக்கத்தான் அந்த வலை. இரண்டு மூன்று நிமிடம் நிழல் தண்ணீரில் விழாதபடி அசையாமல் நில்லுங்கள். பச்சைக்கு அடியில் ஒரு கருஞ்சிவப்பு மெல்லத் திரண்டு, ஒரு பக்கமாக நகர்ந்து, கலையும். தீனி போடும் நேரமானால் நிமிடத்துக்குள் குளத்தின் ஒரு மூலை முழுக்கச் சிவந்துவிடும். ஆயிரக்கணக்கான வாய்கள் தண்ணீர்ப் பரப்பில் திறந்து மூடும் சத்தம், லேசான மழை விழுவதுபோல் கேட்கும்.

மே, ஜூனில் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்கலாம். சில குளங்களில் குஞ்சுகள் கறுத்த சாம்பல் நிறத்தில் இருக்கும். தங்கமீன் பிறக்கும்போது சிவப்பாகப் பிறப்பதில்லை. காட்டுக் கெண்டையின் நிறத்தில்தான் பிறக்கிறது. இரண்டு மூன்று மாதங்களில் அந்தக் கறுப்பு மங்கி, சிவப்பும் வெள்ளையும் வெளிவரும். நிறம் மாறாமலே நின்றுவிடும் மீன்களும் உண்டு, அவற்றைத் தனியே பிரித்துவிடுவார்கள்.

பிரிப்பதுதான் இந்தத் தொழிலின் பெரிய வேலை. ஒரு தாய்மீன் ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். முட்டைகள் பாசிக்கொடியில் ஒட்டிக்கொள்ளும். பெற்ற மீன்களே தின்றுவிடும் என்பதால் கொடியோடு எடுத்து வேறு குளத்தில் விடுவார்கள், நாலைந்து நாளில் பொரிந்துவிடும். அப்புறம் வால் கோணலாக இருக்கிறதா, முதுகு வளைந்திருக்கிறதா என்று கிண்ணத்தில் அள்ளி அள்ளிப் பார்த்துக் கழிப்பார்கள். திருவிழாக்களில் குழந்தைகள் அள்ளும் சின்னச் சிவப்பு மீனுக்கு இவ்வளவு கண்டிப்பு இல்லை. விலை உயர்ந்த இனங்களுக்குக் கண்டிப்பு அதிகம். பார்த்துப் பார்த்துத் தேறிய கண்தான் இங்கே மூலதனம்.

ஒரு வேண்டுகோள். இவை பண்ணைக்காரர்களின் சொந்தக் குளங்கள். பொதுப் பாதையைவிட்டு வரப்பில் இறங்காதீர்கள். கையைத் தண்ணீரில் விடாதீர்கள், கையில் உள்ள சன்ஸ்கிரீனும் சோப்பும் மீனுக்கு ஆகாது. தீனி போடாதீர்கள். வேலை செய்கிறவரைப் படமெடுக்க வேண்டுமானால் முதலில் தலைகுனிந்து கேளுங்கள். வயதானவர்கள்தான் அதிகம், பிள்ளைகள் தொழிலுக்கு வராததால் குளங்களும் பண்ணைகளும் குறைந்துகொண்டே வருகின்றன. அவர்கள் நேரத்தை மதித்து நடந்துகொண்டால் நாளைக்கு வருகிறவர்களுக்கும் வரவேற்பு இருக்கும்.

மேலிருந்து பார்ப்பது

இதே நீகி பகுதியில், ஒரு மீன்பண்ணை வளாகத்துக்குள் கோரியாமா தங்கமீன் காட்சியகம் இருக்கிறது. கட்டணம் இல்லை. பெரிதாக ஒன்றையும் எதிர்பார்க்காதீர்கள். பழைய தொட்டிகள், பழைய கருவிகள், படங்கள், பலவகை மீன்கள், அவ்வளவுதான். ஆனால் இனங்களைப் பிரித்தறியக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இந்த ஊரில் இல்லை. போகும் முன் திறந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் நாலு இனங்களை அடையாளம் தெரிந்துகொண்டால் போதும். வாகின் நீண்ட உடம்பு, முன்னோரான கெண்டைக்கு மிக நெருக்கமான உருவம். ரியூகின் குட்டையாக, முதுகு உயர்ந்து, வால் அகலமாகத் தொங்கும். தேமேகினுக்குக் கண்கள் இருபக்கமும் பிதுங்கி நிற்கும், பெரும்பாலும் கறுப்பு. நாலாவது ரான்சூ. அதற்கு முதுகுத் துடுப்பே கிடையாது, தலையில் சதை முடிச்சுகள் இருக்கும்.

ரான்சூவைக் கண்ணாடித் தொட்டியில் பக்கவாட்டில் பார்த்தால் குண்டாக, விகாரமாகத்தான் தெரியும். அதே மீனை அகலமான தாழ்ந்த தொட்டியில் மேலிருந்து பாருங்கள். முதுகு வழவழப்பாக ஒரே வளைவாக ஓடும், வால் இரண்டு பக்கமும் சமமாக விரியும். தலை, தோள், இடை, வால் எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். கண்ணாடித் தொட்டி பரவலாக வரும் முன்பு ஜப்பானில் மீனை மண்தொட்டியிலும் மரத்தொட்டியிலும் குளத்திலும்தான் வைத்திருந்தார்கள். பார்க்க மேலிருந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அந்தப் பார்வைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய உடம்பு இது. இன்றைக்கும் ரான்சூ போட்டிகளில் மீனைத் தாழ்ந்த பாத்திரத்தில் விட்டு மேலிருந்துதான் மதிப்பிடுகிறார்கள். ஆகவே இந்த ஊரில் எந்த மீனைப் பார்த்தாலும் கண்ணாடிக்கு முன்னால் குந்தாமல், முடிந்த இடத்திலெல்லாம் எட்டி மேலிருந்து பாருங்கள். பார்க்கிற மீனே வேறாகிவிடும்.

மீன் அள்ளிப் பார்ப்பது

ஜப்பானியத் திருவிழாக்களில் வட்டச் சட்டத்தில் மெல்லிய காகிதம் ஒட்டிய வலையால் தங்கமீன் அள்ளும் விளையாட்டு உண்டு. யமாத்தோகோரியாமா அதன் தலைநகர். 1995-இல் தொடங்கிய தேசியப் போட்டி ஆகஸ்டில் நடக்கிறது. ஒருவருக்கு ஒரு வலை, 3 நிமிடம். அதற்குள் யார் அதிகம் அள்ளுகிறார்களோ அவர் ஜெயிப்பார். மாணவர்களுக்குத் தனிப் பிரிவு, குழுப் போட்டியும் உண்டு. கலந்துகொள்ள முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். போட்டிக் காலம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஊருக்குள் பயிற்சிக்கூடம் வைத்து அள்ளச் சொல்லித்தரும் கடை உண்டு, காசு கொடுத்து அள்ளலாம்.

புதியவர்கள் எல்லோரும் காகிதம் கிழிந்துவிடுமோ என்று பயந்து நுனியை மட்டும் நனைப்பார்கள். அதனால்தான் கிழிகிறது. நனைந்த இடமும் காய்ந்த இடமும் சேரும் கோட்டில்தான் காகிதம் முதலில் விட்டுப்போகும். செய்ய வேண்டியது இதுதான்:

காகிதம் சட்டத்தின் எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்தை மேலே வையுங்கள். முதல் தடவையிலேயே வலை முழுவதையும் சாய்வாகத் தண்ணீருக்குள் விட்டு நனைத்துவிடுங்கள். அதன்பின் காகிதம் நனைந்த அப்பளம்தான், தண்ணீரின் எடையை மட்டும் அதன்மேல் ஏற்றாதீர்கள். உள்ளே விடும்போதும் வெளியே எடுக்கும்போதும் சாய்வாகவே இருக்கட்டும். நேர் மேலே தூக்கினால் போயிற்று.

மீனைத் துரத்தாதீர்கள். தண்ணீர்ப் பரப்புக்குப் பக்கத்தில், மூலையிலோ ஓரத்திலோ நிற்கும் மீனைத் தேர்ந்தெடுங்கள். தலைப் பக்கமிருந்து வலையை அடியில் கொண்டுபோய், மீனின் உடம்பைச் சட்டத்தின் விளிம்பை ஒட்டி ஏந்துங்கள். வால் காகிதத்துக்கு வெளியே இருக்கட்டும். மீன் துள்ளும்போது அடிப்பது வால்தான், காகிதத்தைக் கிழிப்பதும் அதுதான். கிண்ணத்தைத் தண்ணீர்மேல் வலைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டால் தூரம் குறையும். காகிதத்தில் ஓட்டை விழுந்தாலும் விளையாட்டு முடிந்துவிடவில்லை, மிச்சமுள்ள ஓரத்தில் இன்னும் ஒன்றிரண்டு அள்ளலாம்.

ஊர்ப்பிள்ளைகள் பக்கத்தில் அள்ளிக்கொண்டிருந்தால் அவர்கள் மணிக்கட்டைக் கவனியுங்கள். கை அசைவது தெரியாது. மீன் தானாக ஏறிக் கிண்ணத்துக்குள் போவதுபோல இருக்கும்.

பழைய ஊருக்குள்

குளமும் மீனும் முடிந்தபின் மிச்ச நேரத்தை ஊருக்குள் செலவிடுங்கள். 1585-இல், அப்போது ஜப்பானை ஒன்றுபடுத்திக்கொண்டிருந்த தளபதி தொயொத்தோமி ஹிதெயோஷியின் தம்பி ஹிதெநாகா இங்கே கோட்டையை விரிவாக்கினார். தொழிலுக்கு ஒரு தெரு என்று அப்போது ஏற்பட்ட பெயர்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. உப்புத் தெரு, தேயிலைத் தெரு, பஞ்சுத் தெரு, தோஃபுத் தெரு என்று பெயர்ப்பலகைகளிலேயே பழைய சந்தையைப் படிக்கலாம். நீலச் சாயக்காரர் தெருவான கோன்யாவில் தெருவின் நடுவே ஒரு சின்ன வாய்க்கால் ஓடுகிறது. சாயம் போட்ட துணியை அலசியது அதில்தான். அங்கே ஒரு பழைய சாயப்பட்டறை காட்சியகமாக இருக்கிறது, தங்கமீன் உருவம் பதித்த கைவினைப் பொருள்களும் அங்கே உண்டு.

கோட்டையில் பழைய கட்டடம் மிச்சமில்லை, கல்லடுக்குதான். ஆனால் 2017-இல் சீரமைத்துத் திறந்த மேடையில் ஏறினால் நாரா சமவெளி விரிந்து தெரியும். அவசரமாகக் கட்டியபோது கல் போதாமல் கோயில் கற்களையும் கல்லறைக் கற்களையும் கொண்டுவந்து அடுக்கினார்கள். ஜிசோ என்ற போதிசத்துவரின் சிலை ஒன்று தலைகீழாகச் சுவருக்குள் கிடப்பதை இடுக்கு வழியாகப் பார்க்கலாம்.

யானாகிமாச்சி கடைத்தெருவில் பழைய இயந்திரங்களையும் மேசைகளையும் மீன்தொட்டியாக்கி வைத்திருக்கிறார்கள். பாதாள சாக்கடை மூடியிலும் தங்கமீன்தான். இணையத்தில் சுற்றும் படங்களைப் பார்த்து, மீன் நீந்தும் தொலைபேசிக் கூண்டைத் தேடாதீர்கள். பதிப்புரிமைத் தகராறில் 2018-இல் அதை எடுத்துவிட்டார்கள். பிறகு உயர் நீதிமன்றத் தீர்ப்பு, வழக்குப் போட்ட கலைஞர் பக்கம் வந்தது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை சைவக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். ஊதோன், சோபா என்ற நூடுல்ஸ் வகைகளின் சாற்றில் காய்கறி மட்டும் தெரிந்தாலும் அடியில் மீன்சாறு இருக்கும். கையில் ஏதாவது எடுத்துப் போவது நல்லது. இனிப்புக்குக் கவலை இல்லை. கோட்டை வாசல் பக்கத்தில் 1585 முதல் நடப்பதாகச் சொல்லும் கிகுயா என்ற கடையில், பயறுப் பூரணம் வைத்து மேலே வறுத்த சோயா மாவு தூவிய சின்ன மோச்சி (அரிசியை இடித்துச் செய்யும் கொழுக்கட்டை மாதிரி) விற்கிறார்கள். கட்டாயம் சாப்பிடுங்கள்.

மீனை எடுத்துப் போகிறவர்களுக்கு

ஊர் திரும்பும் சுற்றுலாப் பயணிகள் அள்ளிய மீனைக் கடையிலேயே திரும்ப விட்டுவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். விமானத்தில் கொண்டுபோகும் ஆசையே வேண்டாம். ஜப்பானில் குடியிருக்கிற நம்மவர்கள் எடுத்துப் போனால் சில வேலைகள் உண்டு.

முந்தின நாளே தொட்டியில் குழாய்த்தண்ணீர் பிடித்து, குளோரின் நீக்கும் மருந்து விட்டு, ஏர் பம்ப் போட்டுவையுங்கள். உருண்டைக் கண்ணாடிக் குடுவை வேண்டாம், சின்ன மீனுக்கே ஒன்றுக்கு 10 லிட்டராவது வேண்டும். பையைப் பிரிக்காமல் அரை மணி நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டு, பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, அப்புறம் மீனை மட்டும் விடுங்கள். பலரும் கையாண்டு களைத்த மீன் என்பதால் லிட்டருக்கு 5 கிராம் கணக்கில் உப்புக் கரைத்துவைத்தால் தேறிக்கொள்ளும். அன்றைக்குத் தீனி போடாதீர்கள். இரண்டாம், மூன்றாம் நாளிலிருந்து துளித் துளியாகப் போடலாம். முதல் வாரத்தில் சாகும் மீன்களில் பெரும்பாலானவை பட்டினியால் சாவதில்லை, தின்று மிச்சமான தீனி அழுகிக் கெட்ட தண்ணீரால்தான் சாகின்றன. ஏற்கெனவே மீன் இருக்கும் தொட்டியில் புது மீனை உடனே சேர்க்காமல் இரண்டு வாரம் தனியே வைத்துப் பாருங்கள்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் வாகின் பத்து ஆண்டுகளுக்கு மேலும் இருக்கும், ஒரு சாணுக்கு வளரும். அவ்வளவு பெரிய தொட்டிக்கு இடமில்லை என்றால் தொடக்கத்திலேயே வீட்டுக்கு எடுத்துப் போகாமல் இருப்பது நல்லது. வளர்க்க முடியாமல் போனால் ஆற்றிலோ பூங்காக் குளத்திலோ மட்டும் விட்டுவிடாதீர்கள், அங்கே இருக்கும் மீன்களுக்கு நோயைக் கொடுக்கும், அவற்றின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். வைத்துக்கொள்ள முடிந்தவரைத் தேடிக் கொடுத்துவிடுங்கள்.